பலகையில் மூன்றாவது சொல்

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று இப்போது அடித்துச் சொல்வதற்கில்லை. டைரக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பியது புதன்கிழமை என்றுதான் ஞாபகம், செவ்வாயாகவும் இருக்கலாம். அன்று மழை பெய்ததாக அவள் சொல்வாள். அவள் வீட்டுக்காரரோ, மழையாவது கிழையாவது, வெயில் மண்டையைப் பிளந்தது என்பார். யார் என்ன பேசினார்கள் என்பதிலும் நினைவு தன் பங்குக்குக் கொஞ்சம் இழைத்துச் சீவித்தான் இருக்கும். ஆனால் அந்த நாற்காலி கிடந்த இடம், அதில் உட்கார்ந்தவன், அவனைப் பற்றி யாருக்குப் பின் யார் பேசினார்கள் என்ற வரிசை, இதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு இருநூறு வயது தாண்டியிருந்தது. சுற்றிலும் புதுக் கட்டடங்கள் வந்து ஒட்டிக்கொண்டாலும் நடுவில் பழைய கூடம் அப்படியே இருந்தது. எட்டாத உயரத்தில் கூரை, அந்த உயரத்துக்குப் போதாத விளக்குகள். அவள் அங்கே நூலகத்தைக் கவனித்துக்கொண்டாள். நோயாளிகளுக்கான அறிவிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதும் அவள் வேலைதான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் உடனே சொல்லமாட்டாள். ஜன்னலைப் பார்ப்பாள். கேட்டவர் தான் கேட்டதையே மறந்துபோகும்வரை பார்ப்பாள். அப்புறம் சொல்வாள், சொன்னது சரியாக இருக்கும். அதனால் 'அகராதி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் கார் மெக்கானிக். அந்தப் பேரைக் கேள்விப்பட்டதும், "நான் கல்யாணமான மறுநாளே வெச்சுட்டேன். வெளிய சொல்லத்தான் தைரியம் வரல" என்றார்.

டைரக்டர் வேகமான மனிதர். எழுந்து நின்றபடியே பேசுவார்.

"மேடம், கூடத்துல இருக்கிற பழைய பலகை தெரியுமில்ல? மூணு வார்த்தை. அது கீழ ஒரு பித்தளைத் தகடு வைக்கப்போறோம், தமிழ்ல. சனிக்கிழமைக் கூட்டத்துக்குள்ள வேணும். நீங்களே படிச்சிட்டு, அப்புறம் கூட்டத்தை ஆரம்பிக்கலாம்."

கறுத்துப்போன மரப்பலகை, அதில் தங்கப்பூச்சில் மூன்று ஆங்கிலச் சொற்கள். முதலாவது பொறுமை. இரண்டாவது உழைப்பு. மூன்றாவது 'காண்டர்' (candour). அதற்கு யாரும் தமிழ் தேடியதில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கே காண்டர் என்று பேராகிவிட்டது.

"மூணாவதுக்கு ஒளிவுமறைவில்லாம பேசறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி நறுக்குன்னு ஒரு வார்த்தை போடுங்க" என்றார் டைரக்டர். பிறகு முதல்முறையாக உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு மேடம். இந்த சனிக்கிழமை உக்கார்றது உங்க தம்பி. அடுத்தவங்க வாயால உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நானே சொல்றேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

காண்டர் கூட்டம் நடக்கும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். கூடத்தில் பலகைக்கு நேர் கீழே ஒரு இரும்புக்கால் நாற்காலி. ஒரு கால் குட்டை என்பதால் அதன் அடியில் மடித்த அட்டை. தவறு செய்தவர் அதில் உட்கார வேண்டும். அவரோடு வேலை செய்கிற, அவரை அன்றாடம் பார்க்கிற ஆட்கள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து, அவரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வார்கள். வயதில் சிறியவர் முதலில். "ஒளிக்காம சொல்றேன்" என்றுதான் தொடங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது. எல்லோரும் முடித்தபிறகு "கேட்டுக்கிட்டேன்" என்ற ஒரே சொல்லோடு எழுந்துகொள்ளலாம். ஒரு வருடத்துக்குள் இரண்டாம் தடவை உட்கார்ந்தவர்கள் யாரும் அதற்குப்பின் வேலையில் நீடித்ததில்லை. தம்பிக்கு இது இரண்டாம் தடவை.

மூன்று வருடத்துக்கு முன் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் இந்த டைரக்டர்தான். அதில் பொல்லாத்தனம் எதுவும் இல்லை. அவர் வருவதற்கு முன்னால் ஒரு பிரசவத்தில் நடந்த தவறை ஆளுக்கு ஆள் மூடிமறைத்தார்கள். அதே தவறு மறுபடி நடந்து, இரண்டாவது தாய் பிழைக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரமே பலகையின் மூன்றாவது சொல்லைக் காட்டி, "இது இங்க இருநூறு வருஷமா எழுதித்தான் இருக்கு. நாமதான் படிக்கல" என்றார். அன்று கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

தம்பி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தான். விடியற்காலையில் வார்டுக்குப் போய் ரத்தம் எடுத்துவருவது அவன் பொறுப்பு. அங்கே வேதவாக்கு மாதிரி ஒரு விதி உண்டு: ரத்தம் எடுத்த கையோடு, நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்து, அவர் கண்ணெதிரிலேயே குழாயில் பேரை எழுத வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. தம்பி முன்னாலேயே எழுதிவிட்டான். தன் மேசையில் உட்கார்ந்து, படுக்கை எண்ணை வைத்து, எல்லாக் குழாய்களுக்கும் சீட்டு ஒட்டி எடுத்துப்போனான். அந்த வாரம் பார்த்து, ஜன்னலோரம் வேண்டும் என்று ஒரு பெரியவர் பக்கத்துப் படுக்கைக்காரரோடு இடம் மாற்றிக்கொண்டார். இவர் ரத்தம் அவர் பேரில் போனது. ரத்தம் ஏற்றுவதற்காகப் பையைத் தொங்கவிட்டபோது, வார்டு சிஸ்டர் பழைய ரத்தவகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஊசியை மாட்டாமல் நிறுத்தினாள். நிறுத்தியிராவிட்டால் ஜன்னலோரத்துப் பெரியவர் அன்று மாலையைப் பார்த்திருக்கமாட்டார்.

அவள் நூலகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வேலையைச் செய்வோம் என்று நினைத்தாள். கலங்கிய நேரத்தில் கைக்கு ஒரு சொல் கிடைப்பது நல்லது. சோற்றுப்பானை கிடைத்த மாதிரி, அதைத் துலக்கிக்கொண்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் திறப்புநாளில் பேசிய பேச்சு அச்சடித்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரும் தொடுவதில்லை. அதில் மூன்றாவது சொல் வரும் இடத்தைத் தேடினாள். 'தவறியவனை, அவன் முன்னிலையிலும் முதுகுக்குப் பின்னாலும், காண்டரோடு எடைபோடுங்கள். அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள்' என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தாள். ஒளிவுமறைவின்மையை அந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. அளவு தெரியாமல் தைத்த சட்டை மாதிரி தோளில் பிடித்தது.

பிறகு பழைய ஆங்கில அகராதிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அந்தச் சொல் பிறந்த வீடு லத்தீன். அங்கே அதற்கு வெண்மை என்று பொருள், பால் வெள்ளை, பளிச்சென்ற வெள்ளை. ஆங்கிலத்துக்கு வந்து கொஞ்ச காலத்தில் அது மாசில்லாத மனமாயிற்று. அப்புறம், பிறரிடம் மாசு தேடாத மனம். அந்தக் காலத்தில் ஒருவரைக் காண்டர் உள்ளவர் என்றால், அடுத்தவரை நல்லவிதமாக நினைக்கிறவர், கெட்ட எண்ணம் கற்பிக்காதவர் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்ட காலத்தை ஒட்டித்தான் சொல் நகரத் தொடங்கியது. மாசில்லாத மனத்துக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளிக்க ஒன்றுமில்லாதவன் எதையும் பேசலாம். எதையும் பேசுகிறவனே காண்டர் உள்ளவன். இப்படி மெல்ல மெல்ல, மனசில் குடியிருந்த சொல் வீட்டைக் காலிசெய்து நாக்குக்குக் குடிபோய்விட்டது. ஒருவரைப் பற்றி நல்லதையே நினைப்பதற்கு இருந்த பேர், ஒருவரைப் பற்றி உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவதற்குப் பேராயிற்று. பலகையில் எழுதியவர் பழைய வீட்டு முகவரியை எழுதிவிட்டுப் போயிருந்தார். மூன்று வருடமாக இவர்கள் புது வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. உடனே இன்னொரு குரல் கேட்டது: இதை எப்போது தேடினாய்? தம்பி உட்காரப்போகிறான் என்று தெரிந்தபிறகுதானே? மூன்று வருடமாக அந்தப் பலகையின் கீழே எத்தனை பேர் உட்கார்ந்தார்கள். அப்போதெல்லாம் இந்தப் புத்தகங்கள் இதே அலமாரியில்தானே இருந்தன?

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் போகிற வேலையில்லை. ஆனாலும் தினமும் கழுவுவார்.

"தம்பிக்காக சொல்லை வளைக்கிறேனோன்னு பயமா இருக்கு."

"வளைச்சியா?"

"இல்ல. வளைஞ்சுதான் இருந்தது. நிமித்திப் பாத்தேன்."

"அப்ப என்ன?"

அவர் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"இதுல யாராவது அவன்கிட்ட ஏன் அப்படிப் பண்ணினேன்னு கேட்டாங்களா?"

"அந்த நாற்காலில உக்காந்தா பேசக்கூடாது."

"நல்ல கூத்து. வண்டில சத்தம் வர்ற இடம் ஒண்ணு, கோளாறு இருக்கிற இடம் ஒண்ணு. சுத்தி நின்னு டமடமங்குது, கடகடங்குதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டு, இன்ஜினையே கழட்டிப் போட்டுருவீங்களாக்கும்."

"உங்களுக்கு எல்லாமே வண்டி."

"உனக்கு எல்லாமே வார்த்தை. நமக்கு ஜோடிப்பொருத்தம் பாத்தவன் நல்லா இருக்கணும்."

அவள் சிரித்தாள். ஆனால் அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பின்னால் நினைத்து நினைத்து வருந்தியதில் இதுவும் ஒன்று.

அவளுக்குள் வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சில வாரங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, சீக்கிரம் வந்த நாளில், பரிசோதனைக் கூடத்தைத் தாண்டிப் போனபோது தம்பியைப் பார்த்தாள். மேசை விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, காலிக் குழாய்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். அது கூடாது என்று அவளுக்குத் தெரியும். அந்த விதியைத் தமிழில் எழுதி சுவரில் ஒட்டக் கொடுத்தவளே அவள்தான். நின்றாள். அவன் நிமிரவில்லை. ஏதாவது காரணம் இருக்கும், என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் அந்திநேரத்தில் தம்பி வந்தான். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பு தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லைட்டப் போட்டா குறைஞ்சா போயிடுவ?" என்றான் உள்ளே வந்ததும்.

"வந்ததும் சண்டையாடா? உக்காரு."

விளக்கைப் போட்டாள். அவன் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கி, டீயை எடுக்கக் கையை நீட்டினான். டம்ளர் சாய்ந்து மேசையெல்லாம் ஓடியது. கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்து அவள் துணியெடுத்துத் துடைத்தாள். அவன் சாரி கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தார்கள். அவர்கள் வீட்டில் சும்மா இருப்பது புதிதில்லை. அப்பா சாப்பாட்டு வேளையில் பேசவே மாட்டார். கடைசி வருடங்களில் அவருக்குப் பொழுதுசாய்ந்தால் பார்வை கிடையாது. தட்டைத் தடவிக் கண்டுபிடிப்பதை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காகவே பேச்சில்லாமல் வேகமாகச் சாப்பிட்டு முடிப்பார்.

"பலகை வார்த்தைக்கு நீதான் தமிழ் எழுதறியாமே" என்றான் தம்பி.

"ஆமா."

"என்ன எழுதப்போற?"

சொன்னாள். வெண்மையிலிருந்து தொடங்கி முழுக்கவும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிவதைப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப அதையே எழுதிடுக்கா. நல்லவிதமா நினைக்கிறதுன்னு. அதைப் படிச்ச வாயோட எவன் எந்திரிச்சு என்னைக் கிழிப்பான்?"

"அதுக்காக எழுதல நான்."

"எதுக்காக எழுதினா என்ன, எனக்கு வேலை இருக்கும். இல்லேன்னா வேற எந்த லேப் வாசல்லயும் என்னை ஏத்தமாட்டாங்க. உனக்குத் தெரியும்."

"டேய், ஒரு மனுஷன் செத்திருப்பான்டா."

"தெரியும்." கண்ணை மறுபடி கசக்கினான். "நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு கேக்கறியா நீ?"

அவள் கேட்கவில்லை. வேறொன்றைச் சொன்னாள். "நான் அன்னிக்கு உன்னைப் பாத்தேன். சீட்டு ஒட்டிக்கிட்டிருந்த."

அவன் தலை நிமிர்ந்தது. "எனக்கும் தெரியும். உன் நடை சத்தம் தெரியாதா எனக்கு? பாத்த, யார்கிட்டயும் சொல்லல. தம்பி தப்பு பண்ணமாட்டான்னு போயிட்ட. நீ இப்பச் சொன்னியே பழைய அர்த்தம், அது அதுதானேக்கா? சனிக்கிழமையும் அப்படியே இருந்துடு. வேற ஒண்ணும் கேக்கல."

அவன் போகும்போது படியில் காலால் துழாவி இறங்கினான். அவள் உள்ளே திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டைரக்டரிடம் பேச்சையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் அந்த வாக்கியத்தைப் படித்தார். நின்றுகொண்டே படித்தார்.

"அர்த்தம் மாறிடுச்சு இல்ல மேடம்? மாறிட்டா மாறிட்டதுதானே. வார்த்தை நமக்கு வேலை செய்யணும். நாம வார்த்தைக்கு வேலை செய்ய முடியாது."

"மாறினது தப்புன்னு சொல்லல சார். பலகைல எழுதினது எதுன்னு கேட்டீங்க. இதுதான் எழுதியிருக்கு."

"நல்லவிதமா நினைச்சு நினைச்சுத்தான் அந்த ரெண்டாவது அம்மா செத்தாங்க. டாக்டர் நல்லவர், நர்ஸ் பாவம், குடும்பஸ்தர். எல்லாரும் எல்லாரையும் நல்லவிதமாத்தான் நினைச்சாங்க."

நூலகத்தில் தோன்றாத இந்தப் பக்கம் அவளுக்குள்ளேயே, சீட்டு ஒட்டிய அந்த மேசையருகே, நின்றுகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் டைரக்டர். "உங்க தம்பி உக்கார்றதாலதான் இது உங்க கண்ணுல பட்டுதா?"

அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கேன் சார்" என்றாள்.

அந்த பதில்தான் அவரை அசைத்திருக்க வேண்டும். புத்தகத்தை மூடி அவளிடம் கொடுத்தார். "சரி. நீங்க எதைச் சரின்னு நினைக்கிறீங்களோ அதைப் படிங்க. ஆனா தினமும் பாக்கிறவங்க பேசணும்ங்கிறது முறை. சொந்தம்னு விலக்கு கிடையாது. உங்க முறை வரும்போது நீங்களும் பேசணும்."

சனிக்கிழமை மத்தியானம் மேகம் போட்டிருந்தது. கூடத்து விளக்குகள் மேலே மினுக்கிக்கொண்டிருந்தனவே தவிர, தரைவரை வெளிச்சம் இறங்கவில்லை. எல்லோரும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி கடைசியாக வந்தான். விரல்களைச் சுவரில் வைத்துக்கொண்டே மெதுவாக நடந்துவந்தான். வெட்கத்தில் தயங்குகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். நாற்காலியின் முதுகைத் தொட்டு, சுற்றிவந்து, உட்கார்ந்தான். அட்டை நழுவி நாற்காலி ஆடியது.

அவள் எழுந்து பலகையைப் பார்த்துப் படித்தாள்.

"பொறுமை. உழைப்பு. வெள்ளை மனம்."

யாரோ இருமினார்கள். மூன்றாவது சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். அது மனசிலிருந்து நாக்குக்கு வந்த கதையை. தொடங்கியவரின் வாக்கியத்தைச் சொல்லி முடித்து உட்கார்ந்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் லேசாக ஒரு நிம்மதி.

சின்னவர்கள் எழுந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், "ஒளிக்காம சொல்றேன்" என்று ஆரம்பித்து, நடுவில் பலகையைப் பார்த்துவிட்டு, "அண்ணன் எனக்கு வேலை கத்துக்குடுத்தார்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அடுத்தவன், அவர் கொஞ்ச நாளாக எரிந்து விழுகிறார், ஆனால் வீட்டில் ஏதாவது கஷ்டம் இருக்கும் என்றான். அதற்கடுத்தவர் நடந்ததைச் சொன்னார், ஆனால் பஞ்சில் சுற்றிச் சொன்னார். ஒருவர் முடிந்து ஒருவர். டைரக்டரின் தாடை இறுகிக்கொண்டே வந்தது. அவர் பயந்தது நடந்துகொண்டிருந்தது. ஒரு உயிர் ஊசிமுனையில் தப்பிய கதை, எல்லோருடைய நல்லெண்ணத்திலும் கரைந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அவளும் அதைப் பார்த்தாள். தான் கொண்டுவந்து வைத்த சொல் தன் கண்ணெதிரில் திரிவதைப் பார்த்தாள். ஒரு சொல் கெட்டுப்போக நூறு வருடம் வேண்டியதில்லை, ஒரு மத்தியானம் போதும் போலிருக்கிறது.

அவள் முறை வந்தது. அவளுக்குப் பின்னால் வார்டு சிஸ்டர் ஒருத்திதான் பாக்கி.

எழுந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள், அவளுக்காகக் காத்திருந்து அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை காத்திருப்பு நீண்டது. தம்பி தலையைத் தூக்கி அவள் இருக்கும் திசையைப் பார்த்தான். வேண்டாம் என்று அந்தப் பார்வை சொன்னது.

"ஒளிக்காம சொல்றேன்" என்றாள். "இது அவன் ஒரு நாள் செஞ்சதில்ல. சில வாரத்துக்கு முன்னாடியே மேசைல உக்காந்து சீட்டு ஒட்டறதை என் கண்ணால பாத்தேன். தப்புன்னு தெரியும். என் தம்பிங்கிறதால நல்லவிதமா நினைச்சுக்கிட்டு நடந்துட்டேன். அன்னிக்கு நின்னு ஒரு வார்த்தை பேசியிருந்தா இந்த நாற்காலிக்கு வேலை இருந்திருக்காது. இவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள், ரத்தம் சுண்டிப்போயிருந்தது என்று.

சிஸ்டர் எழுந்தாள். கனத்த உடம்பு, கறாரான பேச்சு. வார்டில் டாக்டர்களே அவளிடம் அடக்கித்தான் வாசிப்பார்கள். ஊசியை நிறுத்தியவள் அவள். அவள் வாயிலிருந்து வரப்போவதுதான் தீர்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்தபடி நின்றாள். "ஒளிக்காம சொல்றேன்" என்று அவள் தொடங்கவில்லை.

"ஏன் தம்பி?" என்றாள்.

டைரக்டர் முன்னால் சாய்ந்தார். "சிஸ்டர், உக்காந்தவர் பேசறது முறையில்ல."

"தெரியும் சார். முறையைப் போன வாரம் வரைக்கும் நானும் காப்பாத்தினேன். ஆனா இவர் வருஷக்கணக்கா என் வார்டுக்கு வர்றார். குழந்தைங்க அழாம ரத்தம் எடுக்கிற ஒரே ஆளு. எனக்குத் தெரிஞ்சு சோம்பேறி கிடையாது. வாரக்கணக்கா தப்புன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கார்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். நல்லவிதமா நினைக்கிறவங்க எல்லாம் நினைச்சதோட சரி. ஒளிக்காம பேசறவங்க பேசினதோட சரி. கேட்டவங்க யாரும் இல்ல. நான் கேக்கறேன். சொல்லு தம்பி. ஏன்?"

தம்பி டைரக்டரின் குரல் வந்த பக்கம் திரும்பினான். டைரக்டர் கையை உயர்த்தினார், தடுக்கப்போகிறார் என்று நினைத்தார்கள். அப்படியே மெதுவாக இறக்கிக்கொண்டார்.

"வார்டுல எழுத்து தெரியல சிஸ்டர்" என்றான் தம்பி கடைசியில்.

"என்ன?"

"விடிகாலைல லைட்டைக் குறைச்சு வெச்சிருப்பீங்க, எல்லாரும் தூங்கறாங்கன்னு. அந்த வெளிச்சத்துல எனக்குப் பட்டையில இருக்கிற பேரு தெரியறதில்ல. சீட்டுல எழுதவும் வராது. மேசை லைட் கீழ தெரியும். குத்தறதுக்கு விரல் போதும், நரம்பு தானா கைக்கு வந்துடும். படிக்கிறதுக்கு மட்டும்தான் கண்ணு வேணும்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். முதல்ல உக்காந்தேனே, டிரேயைத் தட்டிவிட்டதுக்கு. அதுவும் இதுதான்." நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "இப்பவும் இங்க இருந்து உங்க முகம் தெரியல. குரல்தான் தெரியுது. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கண்ணுன்னு சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அதான் சொல்லல."

அகராதி என்று பேர் வாங்கியவள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இப்போது படித்தாள். வாசலில் தடுக்கிய செருப்பு. சாய்ந்த டம்ளர். படியைத் துழாவிய கால். சுவரில் ஓடிய விரல்கள். அப்பாவின் தட்டு. எல்லாம் அவள் முன்னால் விரித்துத்தான் வைக்கப்பட்டிருந்தது. நல்லவிதமாகவும் நினைத்தாள், ஒளிக்காமலும் சொன்னாள், இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்னக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டாள். சொல் வீடு மாறிய வழியில் கீழே விழுந்தது இதுதானோ என்று பின்னால் பலதடவை நினைத்துக்கொண்டாள்.

டைரக்டர் எழுந்தார். நாற்காலி வரைக்கும் நடந்துபோய், அதன் பக்கத்தில் நின்றார். தம்பியின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். தம்பி வழக்கத்தை மறக்கவில்லை.

"கேட்டுக்கிட்டேன்" என்றான்.

அதற்குப்பின் நடந்தது இவ்வளவுதான். தம்பியை அன்றைக்கே ரத்தம் எடுக்கும் வேலையிலிருந்து விலக்கினார்கள். கண்ணைப் பரிசோதித்ததில் விழித்திரை நோய் என்று தெரிந்தது. அப்பாவிடமிருந்து வந்தது, மருந்து கிடையாது. ஆஸ்பத்திரி அவனை வெளியே அனுப்பவில்லை. ரத்ததானம் செய்பவர்களோடு தொலைபேசியில் பேசும் வேலையைக் கொடுத்தது, பகல் வேலை. அதில் அவன் இப்போதும் இருக்கிறான். அக்காவோடு ரொம்ப நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறான், வெளிச்சம் இருக்கும்போது வந்து வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுகிறான். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

படுக்கை மாற்றிக்கொண்ட இரண்டு பேரிடமும் நடந்ததை டைரக்டர் நேரில் போய்ச் சொன்னார். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜன்னலோரத்துப் பெரியவர், "ஜன்னலை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க" என்றார். குணமாகி வீட்டுக்குப் போனார். ரத்தம் எடுக்கப் போகிறவர்களின் வண்டியில் இப்போது ஒரு சின்ன விளக்கு பொருத்தியிருக்கிறது.

நாற்காலி இருக்கிறது, கூட்டமும் நடக்கிறது. ஆனால் முதல் பேச்சு உட்கார்ந்தவருடையது. அதைக் கேட்டபிறகுதான் மற்றவர்கள் பேசுகிறார்கள். டைரக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டாள். பலகையின் கீழே பித்தளைத் தகடு இருக்கிறது. வெள்ளை மனம் என்பதைப் பார்த்த வீட்டுக்காரர் பெயின்ட் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றார். அவள் இன்னும் நூலகத்தில்தான் இருக்கிறாள். அவளும் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.